படர்தாமரையா, எக்ஸிமாவா?

இரண்டிலும் தோல் சிவக்கும், அரிப்பு தூங்கவிடாது. ஆனால் படர்தாமரை பூஞ்சைத் தொற்று. துண்டு, உடை, வீட்டுப் பூனை வழியாகக்கூடப் பரவும். வட்டத்தின் ஓரம் தடித்துச் செதிலாக இருக்கும், நடுப்பகுதி தெளியும். எக்ஸிமா தோல் அழற்சி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. எல்லை தெளிவில்லாத வறண்ட திட்டுகள், பெரும்பாலும் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வரும்.

ஆபத்து மருந்தில்தான். எக்ஸிமாவுக்கு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு உதவும். அதையே படர்தாமரையில் தடவினால் அரிப்பு சில நாள் அடங்கும், அப்புறம் பூஞ்சை இன்னும் விரியும். வட்ட வடிவமும் கலைந்து, மருத்துவருக்கே கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தயவுசெய்து அட்டையைப் படியுங்கள். சந்தேகம் என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் பூஞ்சை தெரிந்துவிடும்.