இயற்கை நீலக்கல் மோதிரம்: கையில் போட்டுப் பழகிய பிறகு

தையல் என் தொழில். நூலும் துணியும் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. இந்த மோதிரத்தையும் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யவில்லை, வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். நீலக்கல் வாங்குகிற எல்லோரும் இதைச் செய்யவேண்டும்.

கல் இலங்கையில் கிடைத்தது. இரண்டு காரட்டுக்குக் கொஞ்சம் மேலே, நீள்வட்டம், வெண்தங்கத்தில் நான்கு கொக்கி. பகலில் தெளிந்த நீலம். மஞ்சள் பல்பின் கீழ் சற்றுக் கறுக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஊதா சாயல், இன்னொரு பக்கம் லேசான பச்சை. கண்ணாடிக் கல்லில் இந்த இரட்டை நிறம் வராது. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த நீலக்கல்லிலும் இது உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து இயற்கைக் கல் என்று சொல்லிவிட முடியாது.

அதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். என் கல்லின் ஓரத்தில் மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன, பட்டு இழை மாதிரி. அவை ரூட்டைல் என்ற தாது. நிறத்தைக் கூட்டுவதற்காகக் கல்லைக் கடும் சூட்டில் போட்டால் இந்த ஊசிகள் கரைந்து, உடைந்து புள்ளிகளாகிவிடும். ஆய்வக அறிக்கையிலும் வெப்பப்படுத்திய அறிகுறி இல்லை என்றே இருக்கிறது. நிறப் பட்டைகளும் நேர்கோடாக ஓடி, கோணமாகத் திரும்புகின்றன. தீச்சுடரில் உருக்கி வளர்த்த கல்லில் அவை வளைந்திருக்கும். கொஞ்சம் மங்கல் இருந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள். அந்த இழைகள்தான் வெளிச்சத்தைச் சிதறடித்து நிறத்துக்கு ஒரு மென்மை தருகின்றன.

இதே விலையில் இன்னொரு பெரிய கல்லும் காட்டினார்கள். அதை நூலின் மேல் வைத்தேன். நடுவில் நூல் அப்படியே தெரிந்தது! கல்லின் அடிப்பக்க வெட்டு சரிவு போதாமல் தட்டையாக இருந்தால், வெளிச்சம் திரும்பி வராமல் கீழே இறங்கிவிடும். நடுவே கல் வெளிறிப்போகும். எடை கூடுதலாக நிற்கவேண்டும் என்று வெட்டுவதால் வருகிற குறை இது. எனக்குச் சின்னக் கல்லே போதும் என்று எடுத்துக்கொண்டேன். காஷ்மீர், பர்மா என்று ஊர்ப் பெயருக்காகத் தனிப் பணம் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. நிறமும் வெட்டும் முதலில் சரியாக இருக்கட்டும்.

கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் நீலக்கல் 9 என்பதால் ஊசி, கத்தரிக்கோல் எதுவும் கல்லைக் கீறவில்லை. வைரத்தோடு மட்டும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், அழுக்குப் போய்விடும்.

கட்டிய விதத்தில்தான் எனக்குக் குறை. கொக்கி முனைகளை மழுக்காமல் விட்டிருந்தார்கள். பட்டுத் துணியைத் தொட்டாலே இழையை இழுத்தது. கேட்டதும் தேய்த்துக் கொடுத்தார்கள், சரி. ஆனாலும் கேட்காமலே செய்திருக்கவேண்டிய வேலை அது. வாங்கும்போதே ஒரு மெல்லிய துணியைக் கல்லின் மேல் இழுத்துப் பாருங்கள்.