சிவந்த கிளைக்கு ஒட்டுக் கட்டிய சந்தூர் நாற்றங்கால்

போச்சம்பள்ளிக்கு அருகே உள்ள எங்கள் தோட்டத்துச் செந்தூரா ரக மாமரத்தில், மேற்கே நீண்ட ஒரு கிளை மட்டும் மூன்று பருவங்களாக ஆழ்ந்த சிவப்பில் காய்க்கிறது. அதைப் பெருக்க விரும்பிச் சென்ற ஆடியில் சந்தூரிலுள்ள ஒரு மாங்கன்று நாற்றங்காலை நாடினேன். கொட்டை போட்டாலே போதாதா என்று நான் கேட்டதற்கு அதன் உரிமையாளர் பொறுமையாகத் தந்த விளக்கம் என் பல ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்தது.

மாமரத்தின் செல்லில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் 40 குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் 20 சூலின் வழியாகவும் 20 எங்கிருந்தோ ஈ சுமந்து வந்த மகரந்தத்தின் வழியாகவும் வருவதால், கொட்டைக் கன்று தாயின் பாதியை மட்டுமே, அதுவும் கலைத்து அடுக்கப்பட்ட நிலையில், பெறுகிறது. அப்பா ஆசையாக ஊன்றிய மல்கோவாக் கொட்டை ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நார் மிகுந்த சிறு காயைத் தந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. எங்கள் மரத்தில் நேர்ந்திருக்கக்கூடியது போல, ஒரு கிளையில் மட்டும் தோன்றும் மரபணு மாற்றமோ இன்னும் நுட்பமானது. கிளை வளரும் நுனியில் செல்கள் அடுக்கடுக்காக உள்ளன; அவற்றில் வெளியடுக்கு தோலாகிறது, மகரந்தமும் சூல்முட்டையும் பெரும்பாலும் இரண்டாம் அடுக்கிலிருந்து உருவாகின்றன. ஆகவே வெளியடுக்கில் மட்டும் நேர்ந்த மாற்றம் பழத்தோலில் தெரிந்தாலும் விதைக்குள் இறங்காது. ஒட்டுக்கட்ட வெட்டியெடுக்கும் குச்சியோ எல்லா அடுக்குகளையும் சேர்த்தே கொண்டுபோகிறது. (கேரளத்து ஒலூர் போன்ற பல்கரு ரகங்களில் தாய்த்திசுவே கருவாவதால் கொட்டைக் கன்றும் தாயை ஒத்திருக்கும், நம் பக்கத்து ரகங்கள் பெரும்பாலும் அப்படியல்ல.)

நான் ஐம்பது கன்றுகள் கேட்டேன். அவர் பதினைந்துக்கு மேல் கட்ட மறுத்தார். அந்தச் சிவப்பு நிறம், மேற்கே படும் மாலை வெயிலால் வந்ததாக இருந்தால் அது ஒட்டில் தொடராது என்பதால், பத்தைச் சிவந்த கிளையிலிருந்தும் ஐந்தை மறுபக்கக் கிளையிலிருந்தும் கட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். வருகிற பணத்தை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு வாரம் முன்பே குச்சிகளின் இலைகளைக் காம்பு விட்டு நறுக்கி வைக்கச் சொன்னதும், ஆப்பு வடிவில் சீவிப் பாலித்தீன் நாடாவால் இறுக்கிய கைத்திறனும் வீண்போகவில்லை, பதின்மூன்று பிடித்தன.

குறைகளும் உண்டு. பைகளில் எந்தக் கிளைக் குச்சி என்ற குறிப்பே இல்லாததால், தகரத் துண்டுகளில் நானே எழுதிக் கட்டினேன். இரு கன்றுகளில் ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருந்தும் எவரும் கிள்ளவில்லை. அதை வளரவிட்டால் கிடைப்பது ஒட்டைத் தாங்கும் அடிக்கன்றான வேர்ச்செடியின் மரபே அன்றி நாம் விரும்பிய கிளையினுடையதாக இராது. கன்று வாங்குவோர் அந்த இடத்தைக் குனிந்து பார்த்த பிறகே பணம் தர வேண்டும்.

காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இரு வகைக் கன்றுகளையும் ஒரே வரிசையில், ஒரே வெயிலில் மாற்றி மாற்றி நட்டிருக்கிறேன்.