வெப்பக் காப்புக் கணக்கு போட்டுத் தரும் சேவை: எடுக்கலாமா?

கட்டட அனுமதிக்கு வரைபடத்தோடு வெப்பக் காப்புக் கணக்கும் கேட்கிறார்கள் என்பதால் அதற்கென்றே உள்ள ஒரு சேவையை அமர்த்தினோம். பெயர் சொல்லவில்லை, ஆனால் என்ன கொடுத்தார்கள், எதில் இழுத்தடித்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்லது. விதி வெறும் "இன்சுலேஷன் போட வேண்டும்" என்று சொல்வதில்லை, சுவர், கூரை, தரை ஒவ்வொன்றுக்கும் யூ மதிப்பு (அதன் வழியாக வெப்பம் எவ்வளவு கசிகிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது) இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லும். இல்லையென்றால் முழுக் கட்டடத்தின் ஆற்றல் தேவையைக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லும். இந்த இரண்டு வழியில் எது நமக்குச் சாதகம் என்பதை அவர்கள் முதல் பேச்சிலேயே விளக்கினார்கள். பெரிய கண்ணாடி சன்னல் வேண்டுமென்றால் இரண்டாவது வழியில்தான் கொஞ்சம் இடம் கிடைக்கும், கூரையில் கூடுதலாகப் போட்டு சன்னலில் இழப்பதை ஈடுகட்டலாம்.

கணக்கை ஒளித்து வைக்கவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 200 மி.மீ. செங்கல் சுவர் மட்டும் இருந்தால் யூ மதிப்பு சுமார் 2.3. அதன்மேல் கடத்துத்திறன் (பொருள் வெப்பத்தைக் கடத்தும் அளவு, இதுவும் குறைந்தால் நல்லது) 0.022 உள்ள பி.ஐ.ஆர் பலகை, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை, 50 மி.மீ. ஒட்டினால் 0.37க்கு இறங்குகிறது, அதையே 100 மி.மீ. ஆக்கினால் 0.20தான். அதாவது முதல் 50 மி.மீ. செய்கிற வேலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அடுத்த 50 செய்வதில்லை. இதை வரி வரியாக எழுதிக் கொடுத்ததால், எங்கே நிறுத்துவது என்று நாமே முடிவு செய்ய முடிந்தது. கடத்துத்திறன் 0.036 உள்ள ராக் வூலில் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) அதே 0.37 வேண்டுமென்றால் 80 மி.மீ.க்குச் சற்று மேல் தேவை, அறை அந்த அளவுக்குச் சுருங்கும். ஆனால் பி.ஐ.ஆர் போல ராக் வூல் எரியாது. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் வெளிச்சுவர் உறை வழியாகத் தீ ஏறி 72 பேர் இறந்தார்கள், அதனால் தடிமனை மட்டும் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று அறிக்கையிலேயே அழுத்தமாக எழுதியிருந்தார்கள். இதற்காகவே அவர்களுக்கு ஒரு சபாஷ்.

இன்னொன்றும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. உற்பத்தியாளர் அட்டையில் போடும் கடத்துத்திறன் ஐரோப்பிய முறையில் பொதுவாக 10 டிகிரி சராசரி வெப்பநிலையில் அளந்தது, அமெரிக்க முறையில் 24 டிகிரியில். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று பார்ப்பது தவறு.

சரி, குறை என்ன? சந்திப்பு வரைபடங்கள். சுவரும் கூரைத் தளமும் சேரும் இடம், பால்கனித் தளம் வெளியே நீளும் இடம், கான்கிரீட் தூண், பீம் இங்கெல்லாம் காப்பு அறுந்தால் வெப்பம் அந்த வழியாகவே போகும், குளிரான நாட்களில் உள்பக்கம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அவர்கள் முதலில் அனுப்பியது எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்துகிற பொது வரைபடம், எங்கள் பால்கனி அதில் இல்லவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சரியானது வந்தது, அதற்குள் கொத்தனார் வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. காசு வாங்கும்போதே இதைத் தருவதாக எழுதி வாங்குங்கள், பேச்சோடு விடாதீர்கள்.

நீராவித் தடுப்புத் தாள் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் நல்ல தெளிவு இருந்தது. நீண்ட குளிர் உள்ள இடத்தில் அது காப்புக்கு உள்பக்கம், எப்போதும் ஏசி ஓடும் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் சுவருக்குள் நீர் தங்கும், வெளியே தெரிய நாளாகும். எங்கள் ஒப்பந்ததாரர் எல்லா இடத்திலும் உள்பக்கம்தான் என்று அடித்துச் சொன்னார், அறிக்கையில் இருந்த ஈரக் கணக்கைக் காட்டித்தான் அவரை ஒப்புக்கொள்ள வைத்தோம்.

அப்புறம் கடையில் 50 மி.மீ. பலகை இல்லை, 40 போடலாமா என்று கேட்டார்கள். சேவைக்குச் செய்தி அனுப்பினேன், அன்றே திருத்திய கணக்கு வந்தது: 0.44. நாங்கள் சுவருக்கு வைத்திருந்த இலக்கு 0.40, அதனால் 50க்கே காத்திருந்தோம். அனுமதிக் காகிதம் கிடைத்ததோடு கை கழுவாமல் கட்டும்போதும் பதில் சொன்னார்கள் என்பதால் 5க்கு 4 கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று பால்கனி வரைபடத்துக்காக.