சின்னத் தொட்டியில் கடல்: எந்த மீனுக்கு இடம், எந்தப் பவளத்துக்கு இடம்?

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிற பலரும் ஏறக்குறைய இந்த அளவில்தான் ஆரம்பிக்கிறார்கள். கணக்குப்படி 88 லிட்டர். கல்லும் மணலும் போட்டபின் தண்ணீர் 70 லிட்டர் நின்றால் அதிகம். இதில் மூன்று மீன் வைக்கலாம், எல்லாம் சின்ன வகை என்றால் நான்கு. அதற்கு மேல் இடமில்லை. ஒரு மீனை எடுத்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும்.

கடையில் எல்லா மீனும் இரண்டு அங்குலம்தான் இருக்கும். நீல டேங் என்ற மீனின் குட்டியும் அப்படித்தான். அதுவே வளர்ந்தால் ஒரு அடி வரும், நாள் முழுக்க நீந்தித் திரிய இடம் கேட்கும். ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் அதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வளர்ந்தபின் எவ்வளவு இருக்கும், பக்கத்து மீனை என்ன செய்யும், எதைத் தின்னும் என்ற மூன்றையும் கேட்டபிறகு நிறத்தைப் பார்க்கலாம்.

ஒசெல்லாரிஸா, மரூனா?

இரண்டுமே க்ளவுன் மீன்கள், குட்டியில் இரண்டும் அழகு. ஒசெல்லாரிஸ் மூன்று அங்குலத்தைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். மரூன் பெண் மீன் அரையடி வரை வளரும். தொட்டியைத் தன் சொத்தாக நினைக்கும், சுத்தம் செய்யக் கைவிட்டால் கையையும் கடிக்கும். சின்னத் தொட்டிக்கு ஒசெல்லாரிஸ்தான், இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

ஜோடியாக வைக்க வேண்டுமானால் ஒன்று சற்றுப் பெரிதும் மற்றது சிறிதுமாக இரண்டு குட்டிகளை எடுங்கள். க்ளவுன் குட்டிகள் முதலில் ஆணாகத்தான் முதிர்ச்சியடையும். சேர்ந்து வாழும்போது பெரியது பெண்ணாக மாறிவிடும், அது திரும்ப ஆணாகாது. வளர்ந்த மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டால், இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் ஒன்று சாகும்வரை சண்டைதான்.

கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா என்பதும் முக்கியம். தொட்டியில் பிறந்தது முதல் நாளே குருணைத் தீவனம் தின்னும். கடலில் பிடித்தது பயந்து போய் நோயோடு வந்து சேர வாய்ப்பு அதிகம். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்களும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீன்களை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை எப்போதோ கைவசப்படுத்திவிட்டன. வீட்டுத் தொட்டிக்காகக் கடலில் வலை போட வேண்டிய அவசியம் இந்த மீனுக்கு இல்லை.

க்ளவுன் என்றதும் அனிமோனும் (கடலில் க்ளவுன் ஒண்டி வாழும், கொட்டும் கைகள் கொண்ட உயிர்) வேண்டும் என்று கேட்கிறார்கள். வேண்டாம். தொட்டியில் க்ளவுனுக்கு அது தேவையே இல்லை. அனிமோன் ஓரிடத்தில் நிற்காது, பிடித்த இடம் கிடைக்கும்வரை ஊர்ந்துகொண்டே இருக்கும். போகிற வழியில் பவளங்களைச் சுடும், சில சமயம் நீரைச் சுழற்றும் பம்பான பவர்ஹெட்டுக்குள் போய்க் கிழிந்துவிடும். 70 லிட்டரில் கிழிந்த அனிமோன் ஒன்றே தண்ணீரை முழுக்கக் கெடுத்துவிடும்.

ஒரே உடுப்பு, வேறு குணம்

ராயல் கிராமா, ராயல் டாட்டிபேக் இரண்டுக்கும் தலைப்பக்கம் ஊதா, வால்பக்கம் மஞ்சள். தெரியாதவர்கள் ஒன்றை மற்றது என்று வாங்கி வந்துவிடுவார்கள். கிராமா கரீபியன் கடல் மீன், டாட்டிபேக் மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்தது. கிராமாவில் ஊதா மெல்ல மெல்ல மஞ்சளில் கரையும், முதுகுத் துடுப்பின் முன்புறம் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். டாட்டிபேக்கில் இரண்டு நிறமும் கோடு போட்டதுபோல் வெட்டென்று பிரியும், அந்தப் புள்ளி கிடையாது.

குணத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கிராமா தன் பொந்தருகே வருகிறவர்களிடம் வாயைத் திறந்து மிரட்டும், அதோடு சரி. டாட்டிபேக் தன்னைவிடப் பெரிய மீனையும் துரத்தும், சின்ன இறாலைக் கொல்லும். பெரிய தொட்டியில் ஓடி ஒளிய இடமிருக்கிறது, இரண்டடியில் எங்கே ஒளிவது? கிராமா தொலைவிலிருந்து வருவதால் பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். கொடுக்கலாம். ஆறு கோடு போட்ட சிக்ஸ்லைன் ராஸுக்கும் டாட்டிபேக்குக்குச் சொன்னதே பொருந்தும். முதல் சில மாதம் சாது, அப்புறம் ரவுடி.

மணலுக்கு யார்?

மாண்டரின் மீனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், அவ்வளவு நிறம். ஆனால் அது கல்லிடுக்கில் வாழும் கோபெபாட் என்ற பொடி உயிர்களை நாள் முழுக்கக் கொத்தித் தின்று வாழ்வது. புதிய சின்னத் தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிடும். உறைந்த தீவனத்தைப் பல மாண்டரின்கள் தொடுவதில்லை. மெலிந்து மெலிந்து பட்டினியில் சாகும். அந்த அழகுக்காக ஒரு மீனைப் பட்டினி போடக் கூடாது.

அதற்குப் பதில் மஞ்சள் வாட்ச்மேன் கோபியையும் ஒரு பிஸ்டல் இறாலையும் சேர்த்து வையுங்கள். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மணலைத் தோண்டி வளை கட்டும், கோபி வாசலில் காவல் இருக்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசை கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலைச் சிலிர்க்கும், அடுத்த நொடி இருவரும் உள்ளே. இந்தக் கூட்டணியை மணிக்கணக்காகப் பார்க்கலாம். கல்லை மட்டும் மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றுங்கள், இல்லையென்றால் இறால் தோண்டத் தோண்டக் கல் சரியும்.

ஃபயர்ஃபிஷ்ஷும் பாங்காய் கார்டினலும் மீதி இடத்துக்குப் போட்டியிடுகின்றன. இரண்டும் சாது. ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும், வலைமூடி கட்டாயம். பாங்காய் இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையில் வாழ்கிறது. தொட்டி வியாபாரத்துக்கு அள்ளியதால் 2007-இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தொட்டியில் பிறந்தது கிடைத்தால் ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் ஃபயர்ஃபிஷ் போதும்.

மென்பவளமா, கல் பவளமா?

இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதல் பதிலைச் சட்டமே சொல்லிவிடுகிறது. கல் பவளம், கறும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாமே 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் எடுத்த ஒரு துண்டுப் பவளம் தொட்டியில் இருந்தாலும் குற்றம்தான், செத்த பவளக்கல்லும் அப்படியே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருடக்கணக்காக வெட்டித் தேய்ந்துபோன பவளப்பாறை அது. அங்குள்ள தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கியே போயின. யாராவது இரவோடு இரவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் சின்னத் தொட்டிக்கு மென்பவளம்தான் பொருத்தம். கல் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட நீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் இழுத்துக்கொண்டே இருக்கும். நீர் குறைவு என்பதால் அந்த அளவுகள் சட்டென்று இறங்கும், அக்ரோபோரா போன்றவை அதைத் தாங்காது. மென்பவளத்துக்கு அந்தத் தேவை மிகக் குறைவு, சற்று அழுக்கான நீரும் அதற்குச் சம்மதம்.

மென்பவளங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. காளான் பவளம் குறைந்த வெளிச்சத்திலும் வாழும், முதல் பவளம் அதுவாகவே இருக்கட்டும். கிரீன் ஸ்டார் பாலிப் புல்வெளிபோல் அழகாகப் படரும், ஆனால் நிறுத்தத் தெரியாது. தனிக் கல்லில் ஒதுக்கி வைத்தால் மட்டுமே சரி. துடிக்கும் சீனியா கண்ணைக் கட்டிப்போடும். அதுவும் ஒன்று எங்கும் பரவும், அல்லது காரணம் தெரியாமல் கரைந்துபோகும். லெதர் பவளம் அவ்வப்போது சுருங்கி, மெழுகுபோன்ற தோலை உரித்துவிட்டு மீண்டும் விரியும். அந்த நாட்களில் செத்துவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். பக்கத்துப் பவளங்களுக்கு எதிராக அது ரசாயனம் கசிய விடும் என்பதால் வடிகட்டியில் கரித்தூள் வேண்டும்.

ஜோவாந்திட் எனக்கு மிகவும் பிடித்தது, எத்தனை நிறங்கள்! ஆனால் அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியே ஆளை மருத்துவமனையில் படுக்க வைக்கும்.

சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ வசித்து, உரிய ஆவணங்களோடு வளர்ப்புக் கல் பவளம் வாங்க முடிகிறவர்கள் ஹாமர் என்ற வகையை எடுங்கள், டார்ச் என்ற வகையை விடுங்கள். டார்ச்சின் நீண்ட கொடுக்குகள் ஹாமரையே சுட்டுவிடும், அதைச் சுற்றி அரையடி காலியாக விட வேண்டும். இரண்டடித் தொட்டியில் அரையடி என்பது பெரிய நிலம்.

சென்னை மே மாதம் இந்த எல்லாத் தேர்வையும் சோதித்துவிடும். தொட்டி 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும், மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் அது நடந்தது. மின்விசிறி நீர்ப்பரப்பில் வீசினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாகிற நீருக்கு ஈடாக நல்ல ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தால் விலையுயர்ந்த மீனுக்கு முன் அதை வாங்குங்கள்.

விடும் வரிசை இதுதான். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் நிலைபெறும் சுழற்சி முடிய நான்கு முதல் ஆறு வாரம். பிறகு காளான் பவளம். பிறகு கோபியும் இறாலும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கிராமா. க்ளவுன் கடைசியில், ஏனென்றால் முதலில் வருகிறவர்கள்தான் இடத்துக்கு உரிமை கொண்டாடுவார்கள்.