புதுச்சேரி ஒருநாள் சுற்றுக்கு ஓஆர்-டூல்ஸ்: எவ்வளவு உதவும்?

எந்த வரிசையில் எங்கே போவது என்பது போன்றவற்றைக் கணக்கிட்டுத் தரும் நிரல் தொகுப்பு, கூகுளின் ஓஆர்-டூல்ஸ் (OR-Tools). இலவசம், திறந்த மூலம். பன்னிரண்டு இடம் கொண்ட பட்டியலுக்குச் சாதாரண லேப்டாப்பே தாராளம்.

பயணியின் ரசனையைப் புகுத்தும் விதம்தான் இதன் பலம். 'ஆட்-டிஸ்ஜங்ஷன்' (AddDisjunction) என்ற கட்டளை மூலம் ஒவ்வோர் இடத்தையும் விட்டுவிட அனுமதித்து, விட்டால் எவ்வளவு அபராதம் என்று எண் தர வேண்டும். வரலாற்றுப் பிரியர் என்றால் அரிக்கமேட்டுக்கு 500, சுண்ணாம்பாறு படகுக்கு 100. பாதையின் செலவு பயண நிமிடங்களில் இருக்க, அபராதத்தை 5, 10 என்று வைத்தால் அத்தனை இடத்தையும் உதறிவிட்டு வெற்றுப் பாதையை நீட்டும். பிழைச் செய்தியும் வராது!

மணக்குள விநாயகர் கோயிலில் மதியம் நடை சாத்துவார்கள். காலை முதல் இரவு வரை ஒரே நேர வரம்பு கொடுத்து, நடுப்பகுதியை 'ரிமூவ்இன்டர்வல்' (RemoveInterval) கட்டளை கொண்டு வெட்டுங்கள். திங்களன்று அருங்காட்சியகம் விடுமுறை. அன்று பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். பார்க்கும் நேரத்தைப் பயண நேரத்தோடு கூட்ட மறந்தால், அட்டவணை ஓட்டமும் நடையுமாகவே வரும்.

குறை: வழக்கமான நேர அணி (இடத்துக்கு இடம் பயண நேரம் காட்டும் அட்டவணை) நாள் முழுக்க மாறாது. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. நடக்கும் நேரத்தை நீங்களே சேர்க்க வேண்டும். எண்கள் முழு எண்களாக இருக்கட்டும். இன்னும் நல்ல பாதையைத் தேடிக்கொண்டே இருக்கும் 'கைடட் லோக்கல் சர்ச்' முறையைப் போட்டால் நேர வரம்பு கட்டாயம், இல்லையேல் தேடல் நிற்காது. இந்த அளவுக்கு 5 விநாடி போதும்.