கார்டை மாற்றுவதா, பிராசசரை மாற்றுவதா?

கேம் திணறுகிறது என்றதும் கை முதலில் போவது கிராபிக்ஸ் கார்டு பக்கம்தான். நானும் அப்படித்தான் போனேன். ஜிடிஎக்ஸ் 1060-ஐக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ மாட்டினேன். பிராசசர் அதே பழைய ரைசன் 5 1600, திரையும் அதே 1080பி (1920×1080 பிக்சல்). கேமில் ஜனம் நிறைந்த தெருவில் வண்டி ஓட்டினால் முன்பு நொடிக்கு 50 பிரேம் (திரையில் வரையப்படும் படம்) வரும், புது கார்டில் 56. ஒரு வாரம் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திட்டி, அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தேன். பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

கார்டு மாற்றுவதன் நன்மைகள் தெரிந்தவைதான்: அதிகப் பிக்சல் கொண்ட 1440பி, 4கே திரை, ஒளியை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் என்றால் அது வேண்டும், பவர் சப்ளை தாங்கினால் மாட்டுவதும் சுலபம். நாளைக்கு வேறு கணினிக்கும் பிடுங்கிக்கொண்டு போகலாம்.

ஆனால் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், எது எதில் மோதுகிறது என்று கணக்குப் போட்டு, இதையெல்லாம் வரை என்று கார்டுக்குச் சொல்வது பிராசசர். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் அவகாசம். என் பிராசசர் 18 எடுத்துக்கொண்டது. புது கார்டோ 8-இல் வரைந்து முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. இதைவிட வேகமான கார்டு போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சும்மா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் ஏமாந்த இடம் டாஸ்க் மேனேஜர். பிராசசர் 40 சதவீதம் என்று காட்டியது, சரி, அதில் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிட்டேன். 1600-இல் 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலைகளை ஓட்டும் தடங்கள். கேமின் முக்கிய வேலை ஒரே திரெட்டில் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம் சொச்சம்தான். அதனால் பார்க்க வேண்டியது கார்டின் உழைப்பை. விசின்க்கையும் (பிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) பிரேம் வரம்பையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்: 95 சதவீதத்துக்கு மேல் என்றால் கார்டுதான் தடை, 50 பக்கம் என்றால் அது காத்திருக்கிறது. என்னுடையது 45. சந்தேகத்துக்கு, கார்டின் வேலை குறையட்டும் என்று 720பி-க்கு இறக்கிப் பார்த்தேன், ஒரு பிரேம்கூட ஏறவில்லை.

அப்புறம்தான் ரைசன் 5 5600. அதே ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்) உள்ள மதர்போர்டு, பயாஸ் என்ற அதன் அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்தேன். அதே தெருவில் 85. எண்ணிக்கையைவிட, தெருமுனையில் திரும்பும்போது வரும் அந்த வெட்டு போனதுதான் எனக்குப் பெரிது.

சாக்கெட் ஒத்துப்போனது என் அதிர்ஷ்டம். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குத் தாவ வேண்டியிருந்தால் போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்ந்து வாங்க வேண்டும், அப்போது நானும் யோசித்திருப்பேன். 4கே-யில் நான் ஆடியதில்லை. 1080பி-யைப்போல நான்கு மடங்கு பிக்சல் என்பதால் அங்கே கார்டு முதலில் என்பதே சரியாக இருக்கலாம்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். பழைய பிராசசர் இருந்தபோதே நிழல், டெக்ஸ்சர் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தும் 56 குறையவில்லை, கார்டு அதற்காவது உதவியது. கூட்ட அடர்த்தி என்ற ஒரு செட்டிங்கை ஒரு படி இறக்கியதும் 9 பிரேம் ஏறியது. புது கார்டு தந்ததைவிட அதிகம், அதுவும் இலவசமாக.