நுளம்புக் கடி என்று பேரில்லாத கிறீம் தந்தால் வாங்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அறுபது தாண்டிய ஒருவருக்குக் கையிலும் காலிலும் சிவந்த தடிப்புகள், சிலவற்றில் நீர்க்கொப்புளம், இரவில் கண்மூட விடாத அரிப்பு. மாரி மழை விழுந்து வயலிலும் வாவிக்கரையிலும் நுளம்பு பெருகிய நேரமென்றால் யாருக்கும் சந்தேகம் வராது. மருந்துக்கடையிலோ டிஸ்பென்சரியிலோ காட்டுவார். பெரிய டப்பாவிலிருந்து குட்டி டப்பிக்குள் வழித்துப் போட்ட வெள்ளைக் கிறீமும், பழுப்புக் கவரில் கொஞ்சம் குளிசையும் கிடைக்கும். கவரில் ‘காலை 2, இரவு 2’ என்று பேனாவால் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் எங்குமே இருக்காது.

மூன்று நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஏமாறுவது அங்கேதான். அவ்வளவு வேகமாக அடக்குவது பெரும்பாலும் ஸ்டீராய்டு: கிறீமில் குளோபீட்டசோல், குளிசையில் பிரெட்னிசோலோன் அல்லது டெக்சாமெதசோன். விட்டதும் முன்னையதைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி ஒரு கவர். இரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

பார்த்திருக்க வேண்டும். நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில், பூச்சி கடித்தது போன்ற தடிப்புகள் கடியே இல்லாமலும் வரும். அந்நோயாளிகளின் உடல் நுளம்புக் கடிக்கு அளவுமீறிக் கொதிப்பதை 1965 இலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். சிலருக்கு நோய் தெரியவருமுன்பே தோல் காட்டிக்கொடுக்கிறது.

நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோயான ஹொட்ஜ்கின் லிம்போமா இளவயதினருக்கும் வரும். அதில் தடிப்பே இல்லாமல் அரிக்கும், கீறிய தழும்பு மட்டும் இருக்கும். கிணற்றில் குளித்து முடித்ததும் ஊசி குத்துவதுபோல் அரித்தால் சிவப்பணு மிகும் பொலிசைத்தீமியா வேராவை நினைக்க வேண்டும். பிட்டத்திலும் தொடையிலும் வருடக்கணக்கில் ஆறாத படையைத் தேமல் மருந்தால் பூசிக்கொண்டே இருப்பதும் ஆபத்து, தோலில் தொடங்கும் லிம்போமா அப்படித்தான் வேஷம் போடும்.

பயப்படுத்த இதை எழுதவில்லை. அரிப்பில் மிகப் பெரும்பங்கு புற்றுநோய் அல்ல. வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்து, விரலிடுக்கில் புள்ளி இருந்தால் சொறிசிரங்கு. ஆனால் ஒருவருக்கு மட்டும் ஆறு வாரம் தாண்டினால், கூடவே இரவில் உடுப்பு நனைய வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவு, கழுத்திலோ கமுக்கட்டிலோ நோகாத கட்டி இருந்தால், முதல் வேலை பூரண இரத்தப் பரிசோதனை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்யலாம்.

றிப்போட்டில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். வெள்ளணு 20,000, அதில் லிம்போசைட் என்ற வகை 70% என்றால், லிம்போசைட் 14,000. வளர்ந்தவருக்கு 4,000 வரை வழமை. 5,000 ஐத் தாண்டி மூன்று மாதம் நின்றால் இரத்தநோய் டொக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். ஹொட்ஜ்கினில் இந்தப் பரிசோதனை சரியாகவே வரலாம், அதனால் கட்டி இருந்தால் ‘நோர்மல்’ என்று வீடு திரும்பாமல் பயொப்சி (கட்டியில் துண்டெடுத்துச் சோதிப்பது) கேளுங்கள்.

தெரியாமல் போட்ட ஸ்டீராய்டு இங்கேயும் குழப்பும். லிம்போமாக் கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், பயொப்சியில் நோய் பிடிபடாமல் போகலாம். வெள்ளணு எண்ணிக்கையும் மாறிவிடும்.

தோல் டொக்டரும் ஸ்டீராய்டு தருவார், அது தப்பில்லை. பெயர், அளவு, நிறுத்தும் நாள் மூன்றும் துண்டில் இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் பெயர் தெரியாத குளிசை குடித்தவர்கள், இதை வாசித்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டு, அந்த டப்பியையும் மிச்சக் குளிசையையும் கவரோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.